கலிலியோவுக்குச் சனியின் வளையம் ஏன் வளையமாய்த் தெரியேல்லை?

#1 நெய்தல்

எல்லாருக்கும் வணக்கம். தரம் 9, 10 பிள்ளையளின்ர விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சனிக்கோளை எடுத்திருக்கிறம். 1610 தொடங்கி 1659 வரை கீறின பழைய படங்களை ஒரு பதாகையில வரிசையாய் ஒட்டுற யோசனை. பிள்ளையள் கேக்கிற ஒரு கேள்விக்கு மட்டும் ஒழுங்கான மறுமொழி வேணும். கலிலியோவின்ர தொலைகாட்டி 20 மடங்கு பெருப்பிச்சுக் காட்டினது. இண்டைக்குப் பறவை பாக்கிற 25 மடங்குக் குழாயிலேயே வளையம் தெரியுது. அப்ப "வளையம்" எண்ட ஒரு சொல் வர ஏன் 49 வருசம் எடுத்தது?

ரெண்டாவது, மூக்குக்கண்ணாடிக் கடையில வில்லை வாங்கி அவற்ர மாதிரிக் குழாய் ஒண்டு செய்தால் அவர் கண்டதைக் காட்டலாமோ?

#2 குவிவுவில்லை

பெருக்கத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை வராது. பார்க்க வேண்டியது பிரித்துக் காட்டும் திறன்.

சனி பூமிக்குக் கிட்ட வரும் காலத்தில் வளையத்தின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 42 முதல் 47 விகலை. ஒரு பாகைக்கு 3600 விகலை. அதை வளையம் என்று கண் சொல்ல வேண்டுமென்றால் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் இருட்டு இடைவெளி தெரிய வேண்டும். கோளின் மத்தியகோட்டு ஆரை 60,268 கி.மீ. பிரகாசமான பி வளையம் தொடங்குவது மையத்திலிருந்து ஏறத்தாழ 92,000 கி.மீ. தூரத்தில். மிச்சம் 31,700 கி.மீ. சொச்சம். இங்கிருந்து பார்க்க அது ஏறத்தாழ 5 விகலைதான்.

கலிலியோவின் வில்லைகளில் குமிழும் பச்சை நிறமும் இருந்தன. விளிம்புப் பக்கம் சரியாகத் தேய்படாததால் அவரே மட்டை வளையம் வைத்து விளிம்பை மறைத்தார். வேலை செய்த துவாரம் 15 முதல் 25 மி.மீ. அளவுதான். குறையே இல்லாத கண்ணாடி என்றாலும் 20 மி.மீ. துவாரம் 5.8 விகலைக்குக் கீழே பிரிக்காது. அது ஒளியின் அலை இயல்பு வைக்கும் எல்லை. அவருடைய கண்ணாடியில் அது சுமார் 10 விகலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே இருட்டு இடைவெளி கோளோடும் வளையத்தோடும் கரைந்துபோகும். எஞ்சுவது நடுவில் ஒரு பெரிய பொட்டு, இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பொட்டு. 1610 யூலையில் பாதுவாவில் அவர் கீறியது அதையேதான். கருவி தந்ததை ஒளிக்காமல் கீறியிருக்கிறார்.

இன்றைய 25 மடங்குக் குழாயின் துவாரம் 50 அல்லது 60 மி.மீ. பிரிதிறன் 2 விகலை. வித்தியாசம் அங்கேதான்.

#3 வல்லையான்

அண்ணை சொல்லுறது 1610க்குச் சரி. ஆனால் 1616இல கலிலியோ கீறின படத்தைப் பாருங்கோ. அதில ரெண்டு பக்கமும் கைபிடி மாதிரி வளைவு, வளைவுக்குள்ள கறுப்புப் பொட்டு வடிவாய்க் கிடக்குது. இடைவெளி தெரியாது எண்டால் அந்தக் கறுப்பு எங்கையிருந்து வந்தது?

என்ர பக்கம் இதுதான். அவரைக் குழப்பினது கண்ணாடி பாதி, மிச்சப் பாதி சனி உரு மாறினது. 1610இல மூண்டு உருண்டை. வியாழனின்ர நிலாக்கள் இரவுக்கிரவு இடம் மாறேக்குள்ள, இந்த ரெண்டும் மாதக்கணக்காய் அசையேல்லை. 1612 கடைசியில பாத்தால் ரெண்டையும் காணேல்லை, தனிக்கோள். சனித் தேவன் தன்ர பிள்ளையளைத் தின்னுட்டானோ எண்டு கேட்டுக் கடிதம் எழுதினவர். பேந்து 1616இல கைபிடி. ஆறு வருசத்துக்குள்ள மூண்டு உரு. எந்த ஒரு பொருள் இப்பிடி மாறும்?

முதற் செய்தியையே அவர் 37 எழுத்தைக் கலைச்சுப் போட்டுத்தான் அனுப்பினவர், வேறை ஆரும் உரிமை கேக்கக் கூடாது எண்டு. அடுக்கினால் "உயரத்திலுள்ள கோளை மூவுருவாய்க் கண்டேன்" எண்டு வரும். கெப்ளர் அதைச் செவ்வாய்க்கு ரெண்டு நிலா எண்டு பிழையாய் அவிழ்த்தார். கலிலியோவின்ர மனசில ஆரம்பத்திலயிருந்தே இருந்தது "மூண்டு உடல்". அந்தச் சொல்லை விட்டு வெளியில வாறதுதான் அவருக்குக் கஷ்டமாய் இருந்திருக்கும்.

#4 குவிவுவில்லை

1616 பற்றிய கேள்வி நியாயமானது. என் விளக்கத்தில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது.

5 விகலை என்றது கிடையான அகலம். வளையம் சாய்ந்து திறக்கும்போது அந்த இருட்டுக்கு உயரமும் வரும். முழுச் சாய்வு 26.7 பாகையில் இருட்டுப் பகுதி மேலிருந்து கீழே 62,000 கி.மீ. அளவு நீளும், அது 9 விகலைக்கு மேல். 1612இல் விளிம்பாய் நின்ற வளையம் 1616இல் நன்றாகத் திறந்துகொண்டு வந்தது. ஆகவே இருட்டுப் பொட்டு அவருடைய கருவியின் எல்லையில் சரியாக வந்து நின்றது. 1610இல் வளையம் மூடிக்கொண்டு வந்த காலம், இருட்டுக்கு உயரம் போதவில்லை. ஒரே குழாய் இரண்டு உருவைக் காட்டியதற்குக் காரணம் சாய்வு.

உரு மாற்றம்தான் பெரிய முடிச்சு என்பதை ஏற்கிறேன்.

#5 மந்தன்

அந்த முடிச்சை அவிழ்த்த விதத்தைப் பதாகையில் நடுவில் வையுங்கள், நெய்தல். கண்ணாடி பெரிதாகப் பெரிதாக வளையம் தானாகத் தெரிந்தது என்றுதான் பெரும்பாலான பாடப் படங்கள் காட்டுகின்றன. நடந்தது அப்படியில்லை.

டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் தன் தமையனோடு சேர்ந்து வில்லை தேய்த்து 12 அடி நீளக் குழாய் ஒன்று செய்தார். துவாரம் 57 மி.மீ., பெருக்கம் 50 அளவு. 1655 மார்ச் 25இல் சனிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் கண்டு தொடர்ந்து பார்த்தார். 16 நாளில் சுற்றியது. அதுதான் டைட்டன். அப்போது வளையம் மூடிக்கொண்டு வந்ததால் அதன் ஒளி கண்ணைக் கூசவைக்கவில்லை. மங்கலான நிலா எடுபட்டது.

1656 தொடக்கத்தில் வளையம் முழுதாகக் காணாமல் போனது. வளையம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது அந்த மாரிகாலத்தில், வளையம் கண்ணுக்கே படாத நேரத்தில். அவருடைய தருக்கம் இப்படிப் போகிறது. டைட்டன் 16 நாளில் சுற்றுகிறது. அதைவிடக் கோளுக்குக் கிட்ட இருக்கிற எதுவும் இன்னும் கெதியாகச் சுற்ற வேண்டும். அந்தக் "கைகள்" இரண்டு உருண்டை என்றால் நாளுக்கு நாள் இடம் மாறித் தெரிய வேண்டும். ஆனால் கிழமைக்கணக்காகப் பார்த்தாலும் மாற்றமில்லை. சுற்றிக்கொண்டே இருந்தும் மாறாத தோற்றம் தர, கோளைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான உருவம் வேண்டும். அதாவது வளையம். பிறகு அந்த வளையம் ஒரே திசைக்குச் சாய்ந்தபடி கோளோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது என்று வைத்தால், 1610இலிருந்து வந்த அத்தனை படங்களும் ஒரே பொருளின் வெவ்வேறு பக்கப் பார்வையாக அடங்கிவிடும்.

அவரும் எழுத்துக்களைக் கலைத்துத்தான் முதலில் வெளியிட்டார். 1659இல் அவிழ்த்த வசனம்: மெல்லிய, தட்டையான, எங்கும் தொடாத, பூமியின் பாதைத் தளத்துக்குச் சாய்ந்த வளையத்தால் சூழப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "எங்கும் தொடாத" என்ற சொல், கோளில் இரண்டு பிறை ஒட்டியிருக்கிறது என்ற ஹெவேலியசின் கருத்தைத் தள்ளுகிறது. "மெல்லிய" என்பது விளிம்பாய் நிற்கும்போது மறைவதைச் சொல்கிறது. "சாய்ந்த" என்பது ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை மறைவதை. கோளின் நடுப்பகுதியிலிருந்து ஆவி கிளம்புகிறது என்ற ரொபர்வாலின் கருத்துக்கும் அதில் இடமில்லை.

1671இல் வளையம் மறையும் என்றும் முன்கூட்டியே கணக்கிட்டார். அந்த ஆண்டு மறைந்தது.

#6 வல்லையான்

இது வடிவாய் விளங்குது. ஆனால் ஹைகன்சுக்கும் ஒரு பிழை இருந்தது, அதையும் பிள்ளையளுக்குச் சொல்லவேணும். அவர் வளையம் திண்மம் எண்டும், அதின்ர விளிம்புக்குக் குறிப்பிடத்தக்க தடிப்பு இருக்கு எண்டும் நினைச்சவர். தடிப்பிருந்தால் விளிம்பாய் நிக்கேக்குள்ளயும் ஒரு கோடாய்த் தெரியவேணுமே எண்டு கேட்டால், விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாத பொருள் எண்டு மறுமொழி. உண்மையான தடிப்பு பல இடத்தில 10 மீற்றர் அளவுதான்.

#7 நெய்தல்

எல்லாருக்கும் நன்றி. புளோரன்சில ஆரோ பந்தும் வளையமும் செய்து தூர வைச்சுப் பாத்தவையாம் எண்டு எங்கையோ வாசிச்ச நினைவு. அதை மைதானத்தில செய்யேலுமோ?

#8 குவிவுவில்லை

செய்யலாம். குழாய் கட்டுவதைவிட இது உங்களுக்கு நூறு மடங்கு பயன் தரும்.

1660இல் உரோமில் வில்லை செய்த திவினியும் ஃபாப்ரி என்ற குருவும் ஹைகன்சை மறுத்தார்கள். வழக்கு இளவரசர் லெயோபோல்டோ தெ மெடிச்சியிடம் போனது. அவருடைய புளோரன்ஸ் கழகத்தார் வளைய மாதிரி ஒன்று செய்து, தூரத்தில் வைத்து, வெளிச்சம் போட்டு, நல்லதும் மட்டமானதுமான தொலைகாட்டிகளால் பார்த்தார்கள். விசயமே தெரியாத ஆட்களைக் கூப்பிட்டுக் கண்டதைக் கீறச் சொன்னார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களில் பலர் கீறியது நடுவில் ஒரு வட்டமும் பக்கத்தில் இரண்டு உருண்டையும். மாதிரியில் உருண்டை எதுவும் இல்லை என்பது கழகத்தாருக்குத் தெரியும். ஆகவே உருண்டைகள் கண்ணிலும் கருவியிலும் பிறந்தவை.

உங்களுக்குத் தொலைகாட்டியே தேவையில்லை. கலிலியோவுக்கு வளையம் 42 விகலை, மங்கல் 10 விகலை, விகிதம் 4.2. வெறுங்கண்ணின் எல்லை ஏறத்தாழ 60 விகலை. அதை 4.2ஆல் பெருக்கினால் 250 விகலை. ஆகவே மாதிரி வளையம் 250 விகலை அகலமாய்த் தெரியும் தூரத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் கலிலியோவின் நிலைமைதான்.

ரெனிஸ் பந்து விட்டம் 67 மி.மீ. அதற்கு வளையத்தின் வெளிவிட்டம் 152 மி.மீ., உள்விட்டம் 102 மி.மீ., நிற்க வேண்டிய தூரம் 125 மீற்றர்.

#9 வல்லையான்

அண்ணை, ரெனிஸ் பந்துக்கு வெள்ளை அடிக்க வேணும், மயிர் நிறத்தைக் குடிச்சு நாலு பூச்சுக் கேக்கும். மேசைப்பந்து எடுத்தால் என்ன? வெள்ளையாவே கிடக்கு, 40 மி.மீ. விட்டம். கணக்குப் பாத்தன்: வளையம் வெளிவிட்டம் 91, உள்விட்டம் 61 மி.மீ. தூரம் 75 மீற்றர். பெரும்பாலான பள்ளிக்கூட மைதானத்துக்குள்ள அடங்கும்.

#10 குவிவுவில்லை

மேசைப்பந்துதான் சரி. என் கணக்கை விடுங்கள், இதையே எடுங்கள். செய்முறை:

வளையத்தை வெள்ளை மட்டையில் வெட்டுங்கள். மினுக்கமில்லாத மட்டை வேண்டும். பளபளப்பான மட்டை ஒரு சாய்வில் மட்டும் சூரியனைத் திருப்பி அடித்து ஏமாற்றும். பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே சுற்றிவர 10.5 மி.மீ. இடைவெளி விழும். வளையத்தைப் பந்தோடு பிடிக்க ஒரு ஈர்க்கு போதும். பந்தில் ஊசியைச் சுடவைத்து எதிரெதிரே இரண்டு துளை போட்டு ஈர்க்கைச் செருகி, நுனிகளை வளையத்தின் அடியில் பசையிடுங்கள். ஈர்க்கு பார்ப்பவரை நோக்கி, முன்னும் பின்னுமாய் நிற்க வேண்டும். இடம் வலமாய் நின்றால் நாங்கள் காட்டப்போகும் இடைவெளியையே அது அடைத்துவிடும். எல்லோரும் விடும் பிழை இது.

பின்னால் ஒரு மீற்றர் சதுரமாவது கறுப்புத் துணி. மாதிரியைத் தாங்கும் கம்பிக்கும் கறுப்பு.

காலை 8 மணிக்கு முன்னம் செய்யுங்கள். பத்து மணிக்குப் பிறகு மணலில் இருந்து கிளம்பும் சூடு 75 மீற்றரில் எல்லாவற்றையும் ஆட்டிவிடும். மாதிரி மேற்குப் பக்கம், பிள்ளைகள் கிழக்குப் பக்கம். வெயில் பிள்ளைகளின் முதுகுப் பக்கமிருந்து மாதிரியில் விழ வேண்டும்.

சாய்வு 0, 5, 15, 27 பாகை. பாகைமானி ஒன்றைத் தாங்கியில் ஒட்டிவிடுங்கள். 27க்கு மேல் போகாதீர்கள், சனி ஒருபோதும் அதற்கு மேல் திறந்து காட்டுவதில்லை.

மிக முக்கியமானது: கீறப்போகும் பிள்ளைகளுக்குச் சனி என்ற சொல்லே காதில் விழக் கூடாது. சொல் விழுந்தால் 75 மீற்றரிலும் வளையம் கீறுவார்கள். வேறு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை போட்டுக்கொண்டே பார்க்கட்டும்.

75 மீற்றரில் கீறி முடிந்ததும் 20 மீற்றருக்குக் கூட்டிவாருங்கள். அது ஹைகன்சின் 57 மி.மீ. வில்லை காட்டிய அளவு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பதாகை தானே பேசும்.

#11 நெய்தல்

உச்சம்! 27 பாகையில, 75 மீற்றரில என்ன எதிர்பார்க்கலாம்? 1616 கைபிடி வருமோ?

#12 குவிவுவில்லை

இருட்டுப் பகுதி அந்தத் தூரத்தில் 29 விகலை அகலம், 57 விகலை உயரம். கண்ணின் எல்லையில் நிற்கிறது. கூர்மையான பார்வையுள்ள பிள்ளை கைபிடி கீறும். மற்றவர்கள் முட்டை வடிவம் கீறுவார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஆண்டில் இருவர் இரண்டு விதமாகக் கீறியதற்கும் இதுவே காரணம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, வில்லை வாங்கிக் குழாய் செய்வது. +1 டயொப்டர் (வில்லையின் வலுவைச் சொல்லும் அலகு) வில்லைக்குக் குவியத்தூரம் 1 மீற்றர். வாங்கும்போது சாதாரண பிளாஸ்ரிக் வில்லை என்று கேளுங்கள், பொலிகாபனேற் வேண்டாம். சாதாரண பிளாஸ்ரிக்கில் சிவப்பும் நீலமும் குவியும் இடங்களுக்கு நடுவே 17 மி.மீ. இடைவெளி, பொலிகாபனேற்றில் அது 33 மி.மீ., சனி வானவில் பொட்டாகிவிடும். குவிந்த பக்கம் வானைப் பார்க்கட்டும். முன்னால் 20 மி.மீ. ஓட்டை போட்ட கறுப்பு மட்டை கட்டாயம். ஓட்டையைப் பெருப்பித்தால் வெளிச்சம் கூடும், ஆனால் நிறக்கரையும் கூடும். கலிலியோ வகைக்குப் பார்வைத்துண்டாக −20 டயொப்டர் குழிவுவில்லை வேண்டும், கடைகளில் எடுப்பது கஷ்டம். கிடைத்தாலும் பார்வைப்புலம் சந்திரனின் பாதியளவுதான், சனியைப் பிடிக்கவே பொறுமை போய்விடும். பழைய இருகண் தொலைகாட்டியின் 25 மி.மீ. பார்வைத்துண்டைப் போட்டால் 40 மடங்கு. படம் தலைகீழாய் வரும், அது கெப்ளர் வகை. கண்காட்சிக்குப் பந்து போதும் என்பதே என் முடிவு.

#13 மந்தன்

1659இல் கதையை நிறுத்த வேண்டாம் என்று கேட்கிறேன். வளையம் இருக்கிறது என்று அறிந்தது பாதிதான். அது எதனால் ஆனது என்பதை அறிய இன்னும் 236 ஆண்டு எடுத்தது. இரண்டாவது பாதி எனக்கு முதலாவதைவிடப் பெரிது, ஏனென்றால் வளையத்தின் ஒரு கல்லைக்கூட எவரும் காணாமல் நிறுவினார்கள்.

1675இல் காசினி வளையத்துக்குள் கறுப்புக் கோடு ஒன்றைக் கண்டார். அகலம் ஏறத்தாழ 4,800 கி.மீ. ஒற்றைத் தட்டு என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டது. 1787இல் லாப்பிளாஸ் கேட்டது வேறு கேள்வி: ஒரே சீரான திண்ம வளையம் நிலைத்து நிற்குமா? வளையம் ஒரு மயிரளவு ஒரு பக்கம் நகர்ந்தால், கோளுக்குக் கிட்ட வந்த பக்கத்தைக் கோள் இன்னும் பலமாக இழுக்கும். நகர்வு கூடும். திருத்தும் விசை எதுவும் இல்லை. கடைசியில் கோளில் போய் மோதும். அவர் பல ஒடுங்கிய திண்ம வளையங்கள் என்று சமாளித்தார்.

1855இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அடம்ஸ் பரிசுக்கு இதையே தலைப்பாக வைத்தது. வளையம் திண்மமா, திரவமா, ஒட்டாத துண்டுகளா? (வானியலும் பாடமாயிருந்த வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டதும் அதே 1855இல். அந்த வகுப்பு இன்னும் நாலு வருடம் நடந்திருந்தால் மறுமொழியையும் படித்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.) பரிசு 1857இல் மக்ஸ்வெல்லுக்கு. 1859இல் நூலாக வந்தது.

அவர் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்தார். திண்மம் நிலைக்க ஒரே ஒரு வழி: மொத்தத் திணிவில் ஏறக்குறைய 82 சதவீதம் வளையத்தின் ஒரே புள்ளியில் பாரமாய்த் தொங்க வேண்டும். அப்படி ஒரு பாரம் இருந்தால் தொலைகாட்டியில் தெரியாமல் போகாது. திரவம் என்றால் அதில் எழும் அலைகள் வளர்ந்து துளி துளியாய் உடைக்கும். ஒட்டாத துண்டுகள் மட்டும், கோளோடு ஒப்பிட மொத்தத் திணிவு போதிய அளவு சிறிதாயிருந்தால், அலை எழும்பியும் சிதறாமல் சுற்றும். அந்த அலையைக் காட்ட, கைபிடி சுற்றினால் 36 தந்தக் குண்டுகள் ஏறி இறங்கும் ஒரு பொறியும் செய்வித்தார். கண்காட்சிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவரும் மாதிரி செய்து காட்டிய ஆள்தான்.

#14 வல்லையான்

மந்தன் அண்ணை, கணக்கு நிறுவினது சரி, ஆனால் கணக்கு மட்டும் போதாது. 1895இல கீலர் பாத்த பிறகுதான் வழக்கு முடிஞ்சது. அதை நான் எழுதுறன், விருப்பமான பகுதி.

அமெரிக்காவில அலெகெனி வானிலையம், 13 அங்குலத் தொலைகாட்டி. அதின்ர முனையில, ஒளியை நிறம் நிறமாய்ப் பிரிக்கிற நிறமாலை காட்டி. அதின்ர ஒடுங்கின பிளவை வளையத்தின்ர நீட்டுப்பாட்டுக்கு வைச்சுப் படம் எடுத்தார். எங்களை நோக்கி வாற பக்கத்தில நிறமாலையின்ர கறுப்புக் கோடுகள் நீலப் பக்கம் தள்ளும், விலகிற பக்கத்தில சிவப்புப் பக்கம். வளையம் தானாய் ஒளிருறதில்லை, சூரிய ஒளியைத் திருப்புது. அதாலை தள்ளல் ரெட்டிப்பு: வாங்கேக்குள்ள ஒருக்கா, திருப்பி அனுப்பேக்குள்ள ஒருக்கா. மறந்தால் வேகம் ரெண்டு மடங்கு பிழைக்கும்.

திண்மத் தட்டு எண்டால் வெளி விளிம்புதான் கூட வேகம். இசைத்தட்டு மாதிரி. பி வளையத்தின்ர உள்விளிம்பு 20 கி.மீ. எண்டால் அதுக்கு வெளியில இருக்கிற ஏ வளையத்தின்ர வெளிவிளிம்பு 30 கி.மீ. வரவேணும், ஒரு செக்கனுக்கு. ஒட்டாத துண்டுகள் எண்டால் கெப்ளரின்ர விதிப்படி வெளியில போகப் போக வேகம் குறையும்: உள்ள 20.3, வெளியில 16.6. கீலரின்ர தட்டில கோளின்ர கோடுகள் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்க, வளையத்தின்ர கோடுகள் எதிர்ப்பக்கம் சரிஞ்சு கிடந்தது. உள்ளுக்குத்தான் வேகம் கூட. அளவுகோல் வைக்காமலே கண்ணால பாக்கேலும். அதுதான் அந்தப் படத்தின்ர அழகு.

#15 மந்தன்

கீலரின் படம் வழக்கை முடித்தது, ஒத்துக்கொள்கிறேன். இடையில் வந்த இரண்டு சாட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1850இல் அமெரிக்காவில் பொண்ட் தகப்பனும் மகனும், இங்கிலாந்தில் டோசும், உள்ளே மங்கலான சி வளையத்தைக் கண்டார்கள். அதனூடாகக் கோளின் விளிம்பு தெரிந்தது. 1889இல் இயபெற்றஸ் நிலா அந்த வளையத்தின் நிழலுக்குள் போனபோது அணைந்து போகாமல் மங்கியபடி தெரிந்ததைப் பார்னார்ட் பதிந்தார். தட்டின் நிழலில் அது நடக்காது.

அதோடு ரோஷின் எல்லை. கோளின் ஆரையைப் போல் 2.44 மடங்குக்குள் வந்த திரவ நிலாவைக் கோளின் இழுவை பிய்த்துவிடும். சனிக்கு அது 147,000 கி.மீ. ஏ வளையத்தின் வெளிவிளிம்பு 136,775 கி.மீ. பிரதான வளையம் முழுவதும் அந்த வேலிக்கு உள்ளேதான்.

#16 நெய்தல்

ஒரு பக்கக் கேள்வி. பெற்றோர் வருவினம், ஏழரைச் சனியைப் பற்றிக் கட்டாயம் கேப்பினம். என்ன சொல்லலாம்?

#17 மந்தன்

கேட்டால் நல்லது, அங்கிருந்தே தொடங்கலாம். சனி சூரியனைச் சுற்ற 29.46 ஆண்டு. பன்னிரண்டு இராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை. சனிக்கு மந்தன் என்ற பெயரே மெதுவாய்ப் போவதால் வந்தது. அந்த மெதுவைக் கண்ணால் அளந்தவர்கள் நம் முன்னோர். வளையம் மறைவதும் அதே சுற்றின் பாதி: ஒரு சுற்றில் இரண்டு தரம் விளிம்பாய் நிற்கும். பாதை நீள்வட்டமாதலால் இடைவெளி சமமில்லை, 13 ஆண்டு 9 மாதமும் 15 ஆண்டு 9 மாதமுமாக மாறிவரும். கடைசியாக 2025 மார்ச் 23இல் பூமி வளையத் தளத்தைக் கடந்தது, ஆனால் சனி சூரியனுக்குப் பக்கத்தில் நின்றதால் பார்க்க வசதியில்லை. அடுத்தது 2038 ஒக்டோபர் 15.

பஞ்சாங்கம் பற்றியும் கேட்பார்கள். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் மீனத்துக்குப் பெயர்ந்தது. வாக்கியப்படி 2026 மார்ச்சில். பழைய வாக்கியக் கணிதத்தின் மாறிலிகளில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வழு சனிக்குப் பல பாகை வரை வந்துவிட்டது. வானில் பார்க்கும்போது சனி நிற்கும் இடம் திருக்கணிதம் சொல்லும் இடம்தான். கோயில் வழமை வேறு விசயம், அதில் கைவைக்காமல் இதை மட்டும் சொல்லுங்கள்.

#18 வல்லையான்

உண்மையான சனியைக் காட்ட விருப்பமெண்டால் 2026 ஒக்டோபர் 4இல சூரியனுக்கு நேரெதிர். யாழ்ப்பாணத்தில நடுச்சாமத்தில கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல வரும். அப்ப இடையில வாற காத்துக் குறைவு, படம் தெளிவாய் வரும்; ஆனால் கழுத்துக்கும் தாங்கிக்கும் கூடாது: மேல கீழ, இட வலம் எண்டு திரும்புற தாங்கி உச்சியில சுத்த மறுக்கும். அதாலை இரவு 9 மணியளவில, சனி கிழக்கில பாதி உயரத்துக்கு மேல வந்த உடனே பாருங்கோ. குழாயை அரை மணித்தியாலம் முன்னமே வெளியில வையுங்கோ, உள்சூடு போகவேணும். கடற்கரைப் பக்கம் பனி வில்லையில படியும்; கறுப்பு மட்டையை ஒரு சாண் நீட்டிச் சுத்திவிட்டால் தாங்கும். 60 மி.மீ. துவாரம், 50 மடங்கு போதும். வளையம் இப்பதான் திறக்கத் தொடங்கினபடியால் ஒடுக்கமாய்த் தெரியும், காசினிக் கோட்டை எதிர்பார்க்காதேங்கோ. 2032இல முழுசாய்த் திறக்கும்.

ஒக்டோபரில மழை வந்தால் பந்துதான் கைகொடுக்கும்.

#19 நெய்தல்

பதாகையின்ர கடைசிக் கட்டத்துக்கு ஒரு கேள்வி: வளையம் எவ்வளவு பழசு?

#20 குவிவுவில்லை

அதைக் கேள்வியாகவே எழுதுங்கள். காசினி விண்கலம் 2017இல் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே பறந்து, வளையத்தின் திணிவு சனியின் மிமாஸ் நிலாவின் 0.4 மடங்கு என்று அளந்தது. பெரும்பகுதி நீர்ப்பனி, மிகச் சுத்தமானது. விண்தூசு விழுந்து அழுக்காகும் வேகத்தை வைத்து 10 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்று ஒரு பக்கம் கணிக்கிறது. 2024இல் வந்த கணினிக் கணிப்பு ஒன்று, மோதும் தூசு ஆவியாகிப் போய்விடும், பனியில் ஒட்டாது, ஆகவே சுத்தமாயிருப்பது இளமைக்குச் சாட்சியில்லை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

#21 நெய்தல்

சரி, அப்பிடியே செய்யிறம். மைதானத்தை அளந்தாச்சு: கிழக்கு மதிலிலயிருந்து மேற்கு வலை வரைக்கும் 68 மீற்றர்தான். 75 வராது.

#22 வல்லையான்

பந்தை மாத்தேலாது, அப்ப வளையமும் மாறாது. 68 மீற்றரில வளையம் 275 விகலை. கலிலியோவைவிடக் கொஞ்சம் நல்ல கண்ணாடி, அவ்வளவுதான். சாய்வை 5 பாகையில தொடங்குங்கோ, மூண்டு உருண்டை கட்டாயம் வரும். 27ஐக் கடைசிக்கு வையுங்கோ.